மிளகாய்க் கடையில் நான் வாசித்த செய்தி

நான் ஒரு மனிதரைப் பற்றிப் பலர் நடுவில் பொய் சொன்னேன். அவரே என் முன்னால் வந்து நின்று, "பத்திரிகையிலே அப்பிடியா போட்டிருக்கு?" என்று கேட்டபோது, "ஆமாம்" என்றேன். அந்த ஒரு சொல்லால் அவருடைய கடை போயிற்று, பெயர் போயிற்று, அவர் திருவனந்தபுரத்தை விட்டே போனார். எனக்கு அப்போது வயது குறைவு என்பதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். பி.ஏ. தேறியவன், நல்லது கெட்டது தெரிந்தவன். தெரிந்தேதான் செய்தேன்.

எங்கள் நகரசபைக்கு அப்போது ஒரு பிரசிடென்ட் இருந்தார். டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மலையாளி. அவரைப் போல ஊரை இரண்டாகப் பிளந்த மனிதரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே ஓடைகளைத் தோண்டினார், சந்தையில் இறைச்சிக் கடைகளுக்கு ஈ மொய்க்காமல் வலை போடச் சொன்னார், தெருவுக்குள் நீண்டிருந்த படி, சாய்ப்பு, பலகை எதையும் விட்டுவைக்கவில்லை. பெரியவர் வீடு, சின்னவர் வீடு என்று பார்க்கவும் இல்லை. வக்கீல்கள் கூடுகிற இடத்தில், இப்படி ஒருவர் நூறு வருஷத்துக்கு ஒரு முறைதான் வருவார் என்றார்கள். சாலை என்று பெயர் கொண்ட எங்கள் பெரிய கடைத்தெருவில் அவருக்கு 'இடிப்பு டாக்டர்' என்று பெயர்.

பிளவு எங்கள் வீட்டுக்குள்ளும் இருந்தது. ஸ்ரீவராகம் அக்கிரகாரத்தில் இருந்த எங்கள் வீட்டில் அப்பா ஒரு கட்சி, சித்தப்பா ஒரு கட்சி. சாப்பாட்டு இலையில் உட்கார்ந்தால் ரசம் வருவதற்குள் பிரசிடென்ட் வந்துவிடுவார்.

"அவன் ஒருத்தன்தான் மனுஷனா நடந்துக்கறான். மூக்கைப் பொத்திக்காம கோவிலுக்குப் போறேன்னா அவனாலேதான்," என்பார் அப்பா.

"மூக்கு நன்னா இருக்கு அண்ணா, வாசப்படி எங்கே? நேத்திக்கு நான் எறங்கறச்சே ஆகாசத்திலே காலை வெச்சேன்."

"ஓடை மேலே கட்டின படி. இடிக்காம பின்னே பூஜை பண்ணுவானா?"

"டாக்டராத்துப் படியை இடிச்சானான்னு கேட்டுண்டு வா!"

"அவனாத்துக்குப் படியே கெடையாதுடா!"

அம்மா வந்து, ரெண்டு பேரும் பேசாமல் சாப்பிடாவிட்டால் மோர் கிடையாது என்று சொல்லும்வரை இது நடக்கும். நான் சிரித்துக்கொண்டு கேட்டிருந்தேன். அந்த நாட்களில் எனக்கு அவரைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை.

அபிப்பிராயம் ஏற்பட்ட விதம் கேவலமானது. நகரசபை ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை காலியாக இருந்தது. அப்பா அலைந்து, அரண்மனையில் செல்வாக்குள்ள ஒருவரிடம் எனக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தார். நான் அதை எடுத்துக்கொண்டு பிரசிடென்டைப் பார்க்கப் போனேன். அவர் உறையைப் பிரிக்கவே இல்லை. "இது இந்த அறைக்குள் இருக்கிற வரைக்கும் உன்னை நான் பரீட்சிக்க முடியாது. இதை வீட்டில் வைத்துவிட்டு வா," என்று ஆங்கிலத்தில் சொல்லி என் கையில் திருப்பிக் கொடுத்தார். மற்ற விண்ணப்பக்காரர்கள் அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். நான் வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. வேலை வேறொருவனுக்குப் போயிற்று. பிரசிடென்ட் கர்வம் பிடித்தவர், தமிழர்களைக் கண்டால் ஆகாதவர் என்று அன்று மாலையே நான் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது பகுதியை நானே சேர்த்துக்கொண்டேன்.

வேலையில்லாமல் இருந்த அந்தக் காலத்தில் மாலை வேளைகளில் சாலையில் ஒரு மிளகாய் மொத்தக் கடைக்குப் போவேன். கடை முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரும் சுற்றியிருந்த கடைக்காரர்களும் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள். வாடிக்கைக்காரர்களோடு சண்டையே அதில்தான் போடுவார்கள். ஆனால் எழுத்து தெரியாது. தமிழ்ப் பத்திரிகை வடக்கேயிருந்து தாமதமாக வரும், அதில் திருவனந்தபுரத்துச் சமாசாரமும் இருக்காது. ஆகவே அன்றன்றைய மலையாளப் பத்திரிகையை யாராவது தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும். எனக்கு முன்னால் ஒரு வாத்தியார் அதைச் செய்துகொண்டிருந்தார். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலானதும் நான் போய்ச் சேர்ந்தேன். சுமட்டுக்காரர்கள் கடைசி மூட்டையை இறக்கிவிட்டுப் போன பிறகு, மூட்டைகள் மேலும் பெஞ்சிலுமாகப் பத்திருபது பேர் உட்காருவார்கள். வாசித்து முடிப்பதற்குள் இரண்டு மூன்று தும்மலாவது வரும். மிளகாய் நெடி அப்படி.

அந்த வாசிப்பின் முறையை இங்கே சொல்ல வேண்டும். கண் மலையாளத்தில் ஓடும், வாய் தமிழில் பேசும். இரண்டுக்கும் நடுவில் நடப்பதை யாரும் பார்க்க முடியாது. வாத்தியார் எழுத்துக்கு எழுத்து சொல்வாராம். பாதிப் பேர் தூங்கிவிடுவார்களாம். நான் குரல் மாற்றிச் சொன்னேன். பிரசிடென்ட் பேசுகிற இடம் வந்தால் மூக்குக் கண்ணாடியை நுனிமூக்குக்கு இறக்குவதுபோல் செய்து, ஆங்கிலம் கலந்து, அவரைப் போலவே தொண்டையைச் செருமுவேன். கூட்டம் கூடிவிட்டது. அடுத்த தெருவிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

"சாமி வாசிச்சா நாடகக் கொட்டகைக்கே போவ வேண்டாம்வே," என்பார் முதலாளி. "ஏல, சாமிக்குச் சாயா கொண்டா! கடுப்பமா கொண்டா!"

கைதட்டுக்காக முதலில் ஒரு வார்த்தையை மாற்றினேன். பிறகு ஒரு வரியை. பிரசிடென்ட் செய்த நல்ல காரியம் ஏதாவது அச்சாகியிருந்தால், கண் அதைத் தாண்டிப் போய்விடும். யாருக்கும் தெரியவில்லை. படித்தவன், அக்கிரகாரத்துப் பிள்ளை, பொய் சொல்ல மாட்டான் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் போகப் போக, அந்தக் கடைத்தெருவில் அவருக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

ஒருவர் மட்டும் குறையவில்லை. அவர்தான் சாலை வட்டாரத்திலிருந்து நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஜவுளிக் கடைக்காரர். எல்லாரும் அவரை மெம்பர் என்றே அழைத்தோம். பருத்த உடம்பு, மெதுவான பேச்சு. அவரும் கடையைப் பூட்டிய பிறகு வாசிப்புக்கு வந்து, பின்னால் ஒரு மூட்டையில் உட்காருவார். அவருக்கும் மலையாளம் எழுத்து தெரியாது. நகரசபையில் காரியங்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும். அவர் தமக்குத் தெரிந்த சாலை மலையாளத்தில், தமிழ் பாதி கலந்து, எழுந்து நின்று பேசுவார். மற்ற மெம்பர்கள் சிலர் சிரிப்பார்கள் என்று கேள்வி. அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது; தெரியவிடாமல் பார்த்துக்கொண்டார்.

"டாக்டர் செய்யுதது எல்லாம் சரின்னு நான் சொல்லலே," என்பார். "ஆனா அவரு தனக்குன்னு ஒண்ணும் செய்யலே. அது எனக்குத் தெரியும். பக்கத்திலே இருந்து பாக்குதேன்லா."

"மெம்பருக்குப் பிரசிடென்ட் சாயா வாங்கிக் குடுக்காரு போல," என்று யாராவது சொல்வார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அதுவரை அது வெறும் கேலிதான்.

பிறகு பிரசிடென்ட் சாலைத் தெருவின் மேலேயே கை வைத்தார். கடைகளுக்கு முன்னால் ஓடையை மூடிப் போட்டிருந்த பலகைகளையும், அவற்றின் மேல் இறக்கியிருந்த சாய்ப்புகளையும் எடுத்தாக வேண்டும், எடுக்காவிட்டால் நகரசபை ஆட்கள் வந்து இடிப்பார்கள் என்று அறிவிப்பு வந்தது. கடைக்காரர்களுக்கு அந்தப் பலகைதான் பாதிக் கடை. அதன் மேல் உட்கார்ந்து கீரை, வெற்றிலை, எலுமிச்சை விற்கிற பெண்களுக்கு அதுவே முழுக் கடை. நவராத்திரியும் தீபாவளியும் நெருங்கிக்கொண்டிருந்தன. தெரு கொதித்தது. விஷயம் நகரசபைக் கூட்டத்துக்குப் போயிற்று. மெம்பர் என்ன பேசினார் என்று தெரிந்துகொள்ள, மறுநாள் மாலை மிளகாய்க் கடையில் நிற்க இடமில்லை.

பத்திரிகையை விரித்தேன். செய்தி நீளமாக இருந்தது. முதலில் கண்ணால் ஓட்டிப் பார்த்தேன். அதில் இருந்தது இது. சாலை மெம்பர் எழுந்து, பிரசிடென்ட் சொல்வது சரி, ஓடை திறக்கத்தான் வேண்டும் என்றார். ஆனால் ஓடை மேல் உட்கார்ந்து பிழைக்கிற பெண்களுக்கு வேறு இடம் காட்டாமல் ஒரு பலகையையும் தொடக் கூடாது என்றார். பண்டிகை வியாபாரம் முடியும்வரை பொறுக்க வேண்டும் என்றார். அதற்கு முன் இடிப்பதானால் என் கடையிலிருந்து ஆரம்பியுங்கள், நான் வாசலில் நிற்பேன் என்றார். சபையில் சற்று நேரம் பேச்சில்லை. பிரசிடென்ட், சாலை மெம்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டு, உத்தரவைத் தீபாவளிக்கு அப்பால் தள்ளிவைத்தார். விற்கிற பெண்களுக்குச் சந்தைக்குள் இடம் ஒதுக்கவும் சம்மதித்தார்.

இதை அப்படியே வாசித்திருந்தால் அந்தக் கூட்டம் என்ன செய்திருக்கும்? மெம்பரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும். பிரசிடென்டைப் பற்றியும், பரவாயில்லை, சொன்னால் கேட்கிறார் என்று சொல்லியிருக்கும். நான் மாதக்கணக்கில் ஏற்றிவைத்த கோபம் ஒரு சாயா குடிக்கும் நேரத்தில் இறங்கியிருக்கும். என் முன்னால் அத்தனை முகங்கள் காத்திருந்தன. அவர்கள் கோபப்பட வந்திருந்தார்கள். நான் அதைக் கொடுக்க விரும்பினேன். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு, மெம்பர் குரலில், அவருடைய மலையாளத்தைப் போலக் கோணலாகச் சொன்னேன்: "பிரசிடென்ட் சொல்வது சரி. ஓடை திறக்கத்தான் வேண்டும்." பிறகு பத்திரிகையில் இல்லாத ஒரு வரி என் வாயிலிருந்து வந்தது: "இடித்தால்தான் எங்கள் ஆட்களுக்குப் புத்தி வரும்."

முதலில் சிரிப்பு வந்தது. குரல் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. பிறகு சிரிப்பு நின்றது. நிமிர்ந்து பார்த்தபோது மெம்பர் கடை வாசலில், தெருவிலிருந்து ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தபடி நின்றிருந்தார். கேட்டுவிட்டார்.

முதலாளிதான் முதலில் பேசினார். "என்னவே மெம்பரே, புத்தி வரணுமாமே எங்களுக்கு. நாங்க ஓட்டுப் போட்டப்போ இருந்த புத்தியா, இல்லே வேற புத்தியா?"

மெம்பர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "சாமி, பத்திரிகையிலே அப்பிடியா போட்டிருக்கு?"

அந்த இடத்தில் எனக்கு வழி இருந்தது. தவறாக வாசித்துவிட்டேன், செய்தி இன்னும் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்குச் சொன்னேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

"ஆமாம்," என்றேன்.

அவர் எதிர்த்துச் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. அவர் முகத்தில் வந்தது கோபமல்ல, ஒரு கூச்சம். பள்ளிக்கூடத்தில் தப்பாக ஒப்பித்த பையனுக்கு வருமே, அது. "நான் வேற மாதிரில்லா சொன்னேன்," என்றார் மெதுவாக. "என் மலையாளம் அவங்களுக்கு வெளங்கலையோ என்னமோ. அந்த எளவு வாயிலே ஒண்ணு நெனச்சா வேற ஒண்ணு வருது."

"வெளங்காத பாஷையிலே எங்க குடியை ஏன்வே கெடுக்கீரு?" என்றார் ஒருவர்.

"பிரசிடென்டுக்கு நல்லாவே வெளங்கியிருக்கு!" என்றார் இன்னொருவர்.

நான் பத்திரிகையை மடித்தேன். என் பொய்யை அவர் தம்முடைய நாக்கின் தவறு என்று எடுத்துக்கொண்டார் என்பது எனக்குப் புரிந்தது. அப்போது எனக்கு வந்தது நிம்மதி. 

வேறு யாரிடமாவது அவர் அந்தப் பத்திரிகையைக் காட்டி வாசிக்கச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். எப்படிச் சொல்வார்? நகரசபை மெம்பர், பத்திரிகை வாசிக்கத் தெரியாது என்று யாரிடம் போய் ஒப்புக்கொள்வார்? மறுநாள் காலை அந்தத் தாளில் மிளகாய் கட்டி விற்றாயிற்று. உத்தரவு தள்ளிப்போனபோது, "நம்ம சத்தத்துக்குப் பயந்துட்டான்" என்று கடைத்தெரு முடிவு கட்டியது. பிரசிடென்ட் ஆங்கிலத்தில் சொன்னது புரியாததால் மெம்பரும் அதையே நம்பினார். கீரைக்காரிகளுக்குச் சந்தையில் இடம் கிடைத்தபோது, அதற்கும் அதுவே காரணம் ஆயிற்று. நானும் தலையாட்டினேன்.

சாலையில் சரஸ்வதி பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைக்குக் கடை தட்டில் பொரியும் கடலையும் சர்க்கரையும் வைத்து, தெருவில் உள்ள எல்லாரும் எல்லார் கடையிலும் ஏறி ஒரு பிடி எடுத்துக்கொள்வார்கள். வருஷம் முழுவதும் விலைக்காகச் சண்டை போட்டவர்களும் அன்று ஏறுவார்கள். ஏறாவிட்டால் அந்தக் கடையோடு உறவு இல்லை என்று பொருள். அந்த வருஷம் ஜவுளிக் கடையில் ஒருவரும் ஏறவில்லை. மெம்பர் புது வேட்டி கட்டி, சந்தனம் பூசி, தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி உள்ளே கதவோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர் வரிசையில் நடந்து போனேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "சாமி, வாரும்," என்று கூப்பிட்டார். நான் காது கேட்காதவன்போல, ஒரு வண்டிக்கு அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போய்விட்டேன்.

அதன் பிறகு கல்யாணப் புடவைகளுக்கு ஆட்கள் வேறு கடைக்குப் போனார்கள். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. அதற்கு முன்பே சபையில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டார் என்று சொன்னார்கள். ஒரு நாள் கடை பூட்டிக் கிடந்தது. பிறகு அந்த இடத்தில் பாத்திரக் கடை வந்தது.

பிரசிடென்டும் நிலைக்கவில்லை. அவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, சாலை வட்டாரத்துப் புது மெம்பரின் ஓட்டும் சேர்ந்து அவரைக் கவிழ்த்தது. அன்று கடைத்தெருவில் வெடி வெடித்தார்கள். அதே நேரத்தில் கிழக்குக் கோட்டைப் பக்கம் ஒரு கூட்டம் அவருக்குப் பின்னால் பேசாமல் அவர் வீடுவரை நடந்து போயிற்று. அதில் என் அப்பாவும் இருந்தார். நான் வெடிச் சத்தத்தின் பக்கம் நின்றேன். அடுத்து வந்தவர்கள் சிபாரிசைப் பிரித்துப் படிக்கிறவர்கள். எனக்கு நகரசபையிலேயே வேலை கிடைத்தது.

வருஷங்கள் போயின. உலகச் சண்டைக் காலம் வந்து, அரிசிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு நாள் என் மேசைக்கு முன்னால் ஒரு கிழவர், வீட்டு வரி விஷயமாக, மற்றவர்களோடு முறை காத்து நின்றார். முறை வந்தபோதுதான் அவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. பழைய பிரசிடென்ட். உட்காரச் சொன்னேன். என்னை அவருக்கு நினைவில்லை. பேச்சைக் கேட்டுத் தமிழன் என்று தெரிந்துகொண்டு, மலையாளத்தில் கேட்டார்:

"சாலையிலிருந்து உங்கள் ஆள் ஒரு மெம்பர் இருந்தாரே, துணிக் கடை. எங்கே இப்போது?"

"தெரியாது," என்றேன்.

"நான் ஆபீசில் இருந்த காலம் முழுவதும் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள், இல்லாவிட்டால் திட்டினார்கள். முகத்தைப் பார்த்து, இது சரி, இது தப்பு என்று பிரித்துச் சொன்னது அவர் ஒருவர்தான். என் உத்தரவை நான் மாற்றியது ஒரே தடவை, அவருக்காக. பிறகு ஏனோ அவர் பேசுவதே இல்லை. நான் ஏதாவது மனம் நோகச் சொல்லிவிட்டேனா என்று இப்போதும் நினைப்பேன். அவரைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்."

வரி ரசீதை அவர் கையில் கொடுத்தேன். அவர் போன பிறகு அன்று என்னால் ஒரு காரியமும் செய்ய முடியவில்லை.

அதே சமயம் சந்தைக்கு அவர் பெயரை வைக்கலாமா என்று ஊரில் பேச்சு எழுந்து, பழைய இரண்டு கட்சிகளும் மறுபடி எழுந்து நின்றன. நான் ஒரு மாலை மிளகாய்க் கடைக்குப் போனேன். முதலாளிக்கு நரைத்துவிட்டது. பழைய ஆட்கள் சிலரும் இருந்தார்கள். இப்போது அவர் பேரன்களே மலையாளம் வாசித்தார்கள். என் வேலை அங்கே எப்போதோ முடிந்துவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மெம்பர் உண்மையில் என்ன பேசினார் என்பதையும், அவரிடம் நான் ஆமாம் என்றதையும்.

 முதலாளி சிரித்தார். "சாமி இப்போ நகரசபை உத்தியோகஸ்தர்லா. சந்தைக்கு டாக்டர் பேரு வைக்கணும்னு மேலேயிருந்து சொல்லியிருப்பாங்க. நேரா கேட்டா நாங்க கையெழுத்துப் போட மாட்டோமா? அதுக்கு ஏன் செத்த கதையெல்லாம்?"

"நான் பெயர் வைக்கச் சொல்லி வரலை. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

"அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்லுதது பொய்யான்னு நாங்க எப்பிடிவே கண்டோம்?" என்றார் பெஞ்சிலிருந்த ஒருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சாயா வரவழைத்தார்கள். குடித்த பிறகுதான் விட்டார்கள். மெம்பர் எங்கே என்று மட்டும் முதலாளி சொன்னார். மலைமேல் போனக்காட்டில், தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் விதுரைவரை போய், அங்கிருந்து தோட்டத்து லாரியில் ஏறிப் போனேன். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் பாடி வீடுகளுக்குக் கீழே, தகரக் கூரை போட்ட ஒரு கடை. அரிசி, கருவாடு, பீடி, மண்ணெண்ணெய். மெம்பருக்கு உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. என்னைத் தெரிந்துகொண்டார்; "சாமி, நனைஞ்சிட்டீரே," என்று ஒரு சாக்கை எடுத்து ஸ்டூலில் விரித்து உட்காரச் சொன்னார். அவர் மனைவி வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

உட்காராமலே சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கடையில் கருப்பட்டி வாங்க வந்த ஒரு பெண்ணைக் கையைக் காட்டி வெளியே நிற்கச் சொன்னார்.

"அப்போ," என்றார், "நான் சொன்னது அவங்களுக்கு வெளங்கிச்சா?"

"நன்னா வெளங்கித்து, அண்ணாச்சி. சபையே பேசாம இருந்ததுன்னு போட்டிருந்தது. பிரசிடென்ட் இப்பவும் சொல்றார்."

"என்ன போட்டிருந்தான்? அவன் போட்டபடியே சொல்லும்."

எனக்கு அது மனப்பாடம். மலையாளத்தில் சொன்னேன். முடித்ததும் அவர் உள்ளே பார்த்து, "ஏ, இங்க வா," என்று மனைவியைக் கூப்பிட்டார். "இன்னொரு தடவை சொல்லும், சாமி. அவளும் கேக்கட்டும்."

மறுபடி சொன்னேன். அந்த அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு என்னிடம் அல்ல, அவரிடம் பேசினார்: "தெரியாத பாஷையிலே ஏன் வாயைத் தெறந்தீருன்னு இத்தனை வருஷமா நான் உம்மைல்லா பேசிட்டேன். சோறு போடும்போதெல்லாம் பேசிட்டேனே." அழுகை வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "உம்ம வீட்டிலே பிள்ளைக இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். அவர் உள்ளே போனார். சபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"சாலையிலே சொன்னீரா இதை?" என்றார் மெம்பர்.

"சொன்னேன். யாரும் நம்பலை."

"நம்ப மாட்டானுவ. அது அவங்களுக்குத் தேவையில்லையே இப்போ." கொஞ்ச நேரம் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இங்கே ஆளுக சம்பளத் தகராறு வந்தா, துரைகிட்டேயும் வேலை வாங்குத கண்டக்டர்கிட்டேயும் எங்களுக்காகப் பேசும் அண்ணாச்சின்னு என்கிட்டே வருவாங்க. எனக்குப் பேச வராதுன்னு திருப்பி அனுப்பிருவேன். ஒரு தடவை துரை ரெண்டு குடும்பத்தைப் பாடியிலேருந்து மழையிலே எறக்கி விட்டுட்டான். நான் வாயைத் தெறக்கலே. அதுக்கு யாருவே பதில் சொல்லுதது?"

 காலில் விழப் போனேன். "அதெல்லாம் வேண்டாம். என் மேலே அதையும் ஏத்தாதேயும்," என்று ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார். லாரி கீழே இறங்கும் நேரமாயிற்று என்றார். பிரசிடென்ட் விசாரித்ததைச் சொன்னேன். "அவருக்கு நம்ம நமஸ்காரத்தைச் சொல்லும்," என்றார். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நமஸ்காரத்தைச் சொல்லப் போனேன். நடந்ததையும் சேர்த்துச் சொன்னேன். கிழவர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்படியானால் பேச்சை நிறுத்திய பிறகு அவர் என்னை ஆதரித்தாரா, எதிர்த்தாரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சந்தைக்குக் கிழவர் பெயரை வைக்கவில்லை. கட்சிகள் இரண்டும் சம பலமாக இருந்ததால் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று.

மறு வருஷம் மறுபடி போனக்காட்டுக்குப் போனேன். கடையில் அவர் இல்லை. இரண்டு ஆட்களுக்காகப் பேச, அவர்களோடு தோட்ட ஆபீசுக்குப் போயிருக்கிறார் என்று அந்த அம்மாள் சொன்னார். என்ன வேண்டும் என்று கேட்டார். தேயிலை ஒரு பொட்டலம் என்றேன். நிறுத்துக் கொடுத்து, மீதிச் சில்லறையைப் பலகை மேல் வைத்தார். மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே வந்து நில்லும் என்று சொல்லவில்லை. கூரைக்கு வெளியே நின்று லாரிக்குக் காத்திருந்தேன்.